ஆறு மணி எண்ணிக்கை

காலை ஆறு மணிக்கு அந்த ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. எண்ணுவார்கள்.

மூன்றாம் வார்டில் எண்ணுகிறவள் ஒரு சிஸ்டர். வயது நாற்பத்தெட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பெரிய டாக்டரிலிருந்து துணி துவைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'சக்கரம்'. இருபத்திரண்டு வயதில், பயிற்சி முடித்த கையோடு அவளுக்கே காசநோய் வந்து, இதே வார்டில் பதினோரு மாதம் படுக்க வைத்தார்கள். படு என்றால் அவள் எங்கே படுத்தாள்? தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "இவ அம்மா இவளைக் கால்ல சக்கரத்தைக் கட்டியே பெத்துப் போட்டிருக்கா" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. நோய் போனது. பெயர் தங்கிவிட்டது. குணமான கையோடு, வேறு யாரும் வரத் துணியாத அந்த வார்டுக்கே வேலை கேட்டு எழுதினாள். பயப்பட இனி என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

வார்டுக்கு நாற்பது கட்டில், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மூன்று வார்டு. ஆறு மணிக்கு ஒரு கட்டிலில் ஒரு தலை இருந்தால் அந்தக் கட்டிலுக்கு அன்றைய பணத்தை அரசாங்கம் கொடுக்கும். தலை இல்லையென்றால் கொடுக்காது. ஆளைக் குணப்படுத்தியதற்குப் பணம் கிடையாது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியதற்கும் கிடையாது. குளிர்காலத்தில் கொதிகலனுக்கு எரிபொருள், போர்வை, சோப்பு, சமையல்காரர் சம்பளம், சக்கரத்தின் சம்பளம் எல்லாம் அந்தத் தலைகளிலிருந்துதான் வந்தன. அதனால், மூன்றாவது வாரமே சளியில் கிருமி இல்லாமல் போனவர்கள்கூட நாலு மாதம், ஐந்து மாதம் கிடந்தார்கள். "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்" என்பார் பெரிய டாக்டர். கெட்ட மனிதர் இல்லை. நெஞ்சில் காதை வைத்தாலே எந்தப் பக்கம் ஓட்டை என்று சொல்லிவிடக்கூடிய மனிதர். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொன்னார்.

சக்கரம் விடுவிடுவென்று எண்ணுவாள். வார்டுப் பதிவேட்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் நாளுக்கு ஒரே ஒரு கட்டம். அதில் ஒரு டிக் விழுந்தால் அதற்கு இரண்டு அர்த்தம்: ஆள் இருந்தார், மாத்திரையை சிஸ்டர் கண்ணெதிரே விழுங்கினார். ஆள் இருக்கும்போது விழுங்காமல் எங்கே போய்விடப் போகிறார் என்று அந்தப் பதிவேட்டை வரைந்தவர் நினைத்திருக்க வேண்டும்.

ஆனால் உடம்பு தேறியவர்களைச் சும்மா படுக்க வைப்பது லேசான காரியமா? பெயின்டர் ஒருவர் ஜன்னல் கம்பியை அறுக்கப் பார்த்தார். டாக்ஸி டிரைவர் ஒருவர் பைஜாமாவோடு ஓடிப்போனார். பதினோரு மாதம் படுத்தவளுக்கு அந்தத் தவிப்பு தெரியும். அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சலவைக்கூடத்தை ஒட்டி ஒரு பின்வாசல் இருந்தது. சாவி அவளிடம். ஆறு மணிக்கு எண்ணிக்கை, கையோடு மாத்திரை, ஆறேகாலுக்குப் பின்வாசல். வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் சாப்பாட்டுக்குள் திரும்பினால் போதும். இவர்களுக்கு 'ஆறு மணி ஆட்கள்' என்று பெயர். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. யாருக்கும் தெரியாமலும் இல்லை. பகலெல்லாம் ஊருக்குள் ஓடியாடி உழைத்துவிட்டு, புதிதாக வந்து இருமிக்கொண்டிருப்பவர்களின் நடுவே வந்து தூங்கினார்கள். நோய் உள்ள இடத்தில் ஆரோக்கியத்தைக் கொண்டுவந்து படுக்க வைத்தது அந்த ஏற்பாடு. அப்போது அவளுக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

பதினேழாம் கட்டிலுக்கு ஒரு தையல்காரி வந்தாள். இருபத்தாறு வயது. புருஷன் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுவான். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. வந்தபோது நாற்பது கிலோகூட இல்லை. மூன்றாம் வாரம் சளி சுத்தம். நாலாம் வாரம் அவளும் ஆறு மணி ஆளாகிவிட்டாள். பகலில் வீட்டில் தையல், குழந்தை. சாயங்காலம் குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஐந்தரை பஸ்ஸில் ஆஸ்பத்திரி.

இரண்டாம் மாதம் ஒரு சாயங்காலம் அவள் வரவில்லை. போன் வந்தது. "சிஸ்டர், குழந்தைக்குக் காய்ச்சல். என்னை விட மாட்டேங்குது."

மறுநாள் காலை பதினேழுக்கு எதிரே பேனா கொஞ்சம் தயங்கியது. ஆள் இல்லை என்று எழுதினால் கட்டிலுக்குப் பணம் இல்லை. அதைவிட, மாத்திரை விட்டவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி இருந்தது: மறுபடி முதலிலிருந்து, இரண்டு மாதம், வெளியே தலை காட்டக் கூடாது. பாவம், குழந்தைக்காரி. சக்கரம் டிக் போட்டாள். இரண்டாவது தடவை பேனா தயங்கவில்லை. பிறகு, வராமல் இருக்கப் போகிறேன் என்று தையல்காரி முன்கூட்டியே சொன்ன நாட்களில் மாத்திரையைப் பேப்பரில் மடித்துப் பொட்டலமாகக் கொடுத்து அனுப்பினாள். சொல்லாமல் நின்றுவிட்ட நாட்களுக்கு எதுவும் இல்லை. டிக் மட்டும் இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அதை விளக்க நிதித்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். ஒல்லியான உருவம், கனமான பை. வந்த அரைமணியில் சமையலறையில் அவளுக்கு 'கால்குலேட்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். வருகிற வருஷத்திலிருந்து கட்டிலுக்குப் பணம் இல்லை, ஆளுக்குத்தான் பணம். ஒருவரை முழுசாகக் குணப்படுத்த ஒரு தொகை. பாதி தொடங்கும்போது, மீதி குணமானதை நிரூபிக்கும்போது. அவர் எங்கே படுக்கிறார் என்பது பற்றிக் கேள்வி இல்லை. மூச்சுத் திணறுகிறவர்களுக்கும் ரத்தமாக இருமுகிறவர்களுக்கும் நாற்பது கட்டில் போதும். மற்றவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். சிஸ்டர்கள் தேடிப்போய் மாத்திரை கொடுக்கட்டும்.

சமையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப சூப்பு? அண்டாவைத் தலையில வெச்சுக்கிட்டு நான் வீடு வீடாப் போகணுமா, மேடம்?"

கூடம் சிரித்தது. சக்கரம் சிரிக்கவில்லை. நின்றுகொண்டிருந்தாள், எப்போதும் போல. "படுக்கையே இல்லாம ஆஸ்பத்திரிக்கு என்ன மேடம் வேலை?"

"குணப்படுத்துறது" என்றாள் கால்குலேட்டர்.

அந்த ஒரு வார்த்தையைச் சக்கரத்தால் ஜீரணிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் கொட்டினாள். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். கையில் கிரீஸ் போகச் சோப்பு தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு சொல்றது சரிதானே?"

"என்ன சரி?"

"இத்தனை வருஷமா ஷெட்டுல நிக்கிற பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிச்சுட்டு இருந்திருக்கீங்க."

"உங்களுக்கு என்ன தெரியும்? வாயை மூடிட்டு சாப்பிடுங்க."

"வாயை மூடிட்டு எப்படிடி சாப்பிடறது?"

வருஷம் பிறந்ததும் பட்டியல்கள் வந்தன. நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் வேலை ஒரே வாரத்தில் நடந்தது. சக்கரத்துக்கு வெளி வேலை கிடைத்தது: ஒரு சைக்கிள், ஒரு தோள்பை, தினமும் இருபத்திரண்டு வீடு. அவளைப் போன்ற ஒருத்திக்கு அது சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். முதல் மூன்று நாள் அப்படித்தான் இருந்தது. மாடிப்படிகள், சந்துகள், நாய்கள், கதவு திறக்கும் முகங்கள். அதே மனிதர்கள் சொந்த வீட்டில் வேறு மாதிரி இருந்தார்கள். நிமிர்ந்து நின்றார்கள், அவளை உட்காரச் சொன்னார்கள்.

நாலாம் நாள்தான் அந்த எண் கண்ணில் பட்டது.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்த டிக்குகளைக் கூட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றி அச்சடித்த தாள். மொத்தம் நூற்று அறுபத்தெட்டு நாள் மாத்திரை. தையல்காரியின் தாளில், விழுங்கியது நூற்றுப் பத்தொன்பது என்று இருந்தது. மீதம் நாற்பத்தொன்பது. தினமும் சக்கரம் வந்து, அவள் விழுங்குவதைப் பார்த்துக் குறித்தால், மீதம் ஒவ்வொன்றாகக் குறையும். நாற்பத்தெட்டு. நாற்பத்தேழு. பூஜ்யம் வந்ததும் குணமாகிவிட்டாள் என்று முத்திரை விழும். மாத்திரை நிற்கும்.

நூற்றுப் பத்தொன்பது டிக்கும் அவள் போட்டதுதான். அதில் எத்தனை மாத்திரைக்குப் போட்டது, எத்தனை வெறும் கட்டிலுக்குப் போட்டது?

இருப்புக்கொள்ளவில்லை அவளுக்கு. அரைகுறையாக விட்டால் கிருமி பதுங்கி இருந்து திரும்பி வரும் என்று இருபத்தைந்து வருஷமாக நோயாளிகளிடம் ஓதியவள் அவள். அப்படித் திரும்பி வருவது இந்த மாத்திரைக்கு அடங்காது. முதல் வார்டின் மூலையில் அப்படிப்பட்ட இருவர் இருந்தார்கள். அவர்கள் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். தையல்காரியின் மடியில் ஒரு குழந்தை வேறு. மாதக் கணக்கில் அம்மாவின் மூச்சுக்காற்றில் தூங்கப்போகிற குழந்தை.

மாத்திரை விழுங்காத நாள் பதினொன்று இருக்கும் என்று மனசு சொன்னது. யாருக்கும் சொல்லாமல் பதினோரு நாள் மாத்திரையை அதிகமாகக் கொடுத்துவிட்டால்? மருந்து அலமாரியைப் போய்ப் பார்த்தாள். பழைய அலமாரி இல்லை. இப்போது தாளில் உள்ள மீதத்துக்கு எத்தனையோ அத்தனைதான் தருவார்கள், ஒன்று கூடாது. ஒரு வாரம் இப்படியே போனது. வீட்டிலும் கால் நிற்கவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

"என்ன, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?" என்றார் மெக்கானிக்.

சொன்னாள். அவர் கேலி பேசவில்லை.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போகலாம்."

"போனா என்ன பண்ணுவ?"

"நடப்பேன்."

"நடந்தா எவன் சம்பளம் தருவான்?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிரேக் பிடிக்காத வண்டியை ரோட்டுல விட்டுட்டு எனக்கு வீட்ல சோறு இறங்காது. உனக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

அவளுக்கும் இறங்கவில்லைதான்.

மறுநாள் தையல்காரியின் வீடு. இரண்டாம் மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் மெஷின், கயிற்றில் தொங்கும் பள்ளிச் சீருடைகள், தரையில் துணித் துண்டுகளை அடுக்கி விளையாடும் குழந்தை. மாத்திரை விழுங்கியாயிற்று. தாளில் மீதம் முப்பத்தெட்டு.

"உன் அளவு நோட்டை எடு" என்றாள் சக்கரம்.

"எதுக்கு? உங்களுக்குக் கோட்டு தைக்கணுமா? அளவெடுக்க ஒரு நிமிஷமாவது நிப்பீங்களா நீங்க?"

"எடுடின்னா."

தையல்காரி யாருக்கு அளவெடுத்தாலும் தேதியும் நேரமும் எழுதிவைப்பாள். ஐந்தரை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அதற்குப் பிறகு யாருக்கும் அளவெடுத்திருக்க முடியாது. இரவு வீட்டில் இருந்தால், விட்டுப்போன வேலையைப் பிடிக்க ஆறு மணிக்கு மேல் ஆள் வரச் சொல்லியிருப்பாள். இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். ஆறரை, இடுப்பு இருபத்தெட்டு. ஏழு மணி, தோள் பதினாறு. சக்கரம் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். விரல் போதவில்லை. இருபத்தேழு சாயங்காலம்.

"பொட்டலம் எத்தனை குடுத்தேன்?"

"எட்டு."

"எப்படிச் சொல்ற?"

தையல்காரி மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே எட்டுப் பொட்டலம். வார்டு பதிவேட்டுத் தாளைக் கிழித்துச் சக்கரமே மடித்துக் கொடுத்தவை. ஒன்றில் வெள்ளைப் பட்டன், ஒன்றில் கொக்கி, ஒன்றில் சட்டைப் பட்டன். "நல்ல தடிமனான பேப்பர். தூக்கிப் போட மனசு வரல."

இருபத்தேழில் எட்டு போனால் பத்தொன்பது. பத்தொன்பது நாள் மாத்திரை இல்லை.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" தையல்காரியின் குரல் மாறியிருந்தது.

சக்கரம் சொன்னாள். தாளில் உள்ளது பொய் என்றும், டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும்.

"சொல்லக் கூடாது."

"இதுல உயிர் இருக்கு, அம்மாடி."

"என்னைப் பாருங்க. இருமல் இருக்கா? எடை ஒன்பது கிலோ ஏறியிருக்கு. என் பாவாடையையே பிரிச்சுத் தெச்சேன். நான் நல்லா இருக்கேன்."

"அதுதான் எனக்குப் பயமே. நல்லா இருக்கிறவங்கதான் நிறுத்துவாங்க."

"நான் நிறுத்தறேன்னா சொன்னேன்? ரகசியமாக் குடுங்க, தின்னுட்டுப் போறேன்."

"எங்கிட்ட இல்லடி. எண்ணித்தான் தர்றாங்க."

"அப்ப விட்டுடுங்க." எழுந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "திரும்ப அந்தக் கட்டில்ல என்னைப் படுக்க வெச்சா ஒரு மாத்திரைகூடத் தொட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"யாரு உன்னைப் படுக்க வைக்கப் போறா?"

"நீங்கதான்! அடுத்த வாரம், அடுத்த வாரம்னு மூணு மாசம் சொன்னது யாரு? சாயங்காலமானா இது என் செருப்பைத் தூக்கி அடுப்புக்குப் பின்னால ஒளிச்சு வெக்கும், தெரியுமா உங்களுக்கு? நான் வெறுங்காலோட பஸ் ஏறியிருக்கேன்."

சக்கரம் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

"அந்த 'பாக்கலாம்'க்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்" என்றாள் தையல்காரி, கதவைச் சாத்திக்கொண்டே.

மூன்று நாள் சைக்கிள் தானாகவே ஓடியது. தையல்காரி மாத்திரையை வாங்கி விழுங்கினாள், ஒரு பேச்சு பேசவில்லை. மீதம் முப்பத்தைந்து ஆனது. நாலாம் நாள் காலை சக்கரம் வீடுகளுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பெரிய டாக்டரின் அறையில் கால்குலேட்டர் இருந்தாள். புதுத் திட்டத்தின் முதல் தாள்களைச் சரிபார்க்க வந்தவள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து வரலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடிக்கு மேல் நின்றால் திரும்பிப் போய்விடுவோம் என்று தெரிந்ததால் சக்கரம் உள்ளே நுழைந்துவிட்டாள்.

"உக்காரு" என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். பதினேழாம் கட்டில், அந்தத் தையல்காரி. அவ ரெக்கார்டுல பத்தொன்பது டிக் பொய். ஆள் இல்ல. மாத்திரையும் இல்ல. நான்தான் போட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப எங்க அவ?"

"வீட்ல."

"உடனே கூட்டிட்டு வந்து அட்மிட் பண்ணு. முதல்லேருந்து."

சக்கரத்தின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. இதற்குத்தானா வந்தோம்?

"எதுக்கு டாக்டர்?" என்றாள் கால்குலேட்டர். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். "இப்ப சளியில கிருமி இருக்கா?"

"மூணாம் வாரத்துலேருந்து இல்ல."

"அப்ப கட்டில் எதுக்கு? அதுக்கு இனிமே யாரும் பணம் தரப்போறதில்லையே?"

டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. அந்தக் காரணத்தை அவர் மனசுக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது. முப்பது வருஷமாகச் சொல்லி வந்த காரணம், தேடினால் கிடைக்கவில்லை. பிறகு மெதுவாக, தான் படித்த ஏதோ ஒரு பழைய பாடத்தை நினைவுபடுத்திக்கொள்பவர்போலச் சொன்னார். "சளியை மறுபடி டெஸ்ட் பண்ணணும். சுத்தமா இருந்தா விட்ட பத்தொன்பதையும் கடைசியில சேர்த்துக் குடுத்துடலாம். வீட்லயே குடுக்கலாம்."

"கட்டில் வேண்டாமா டாக்டர்?"

"வேண்டாம்."

சக்கரத்துக்கு ஆத்திரம்தான் வந்தது, நிம்மதி வரவில்லை. இருபத்தைந்து வருஷமாக இரக்கப்பட்டு இரக்கப்பட்டு அவள் பின்வாசலைத்தான் திறந்துவிட முடிந்தது. முன்வாசலைத் திறக்க இந்த ஒல்லிப் பெண்ணின் கணக்கு வர வேண்டியிருந்தது.

"பதினேழு மட்டுமா சிஸ்டர்?" என்றாள் கால்குலேட்டர்.

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. தையல்காரியைத் தாண்டி மனசு போகவே இல்லை இத்தனை நாளும். இப்போது ஒவ்வொரு முகமாக வந்தது. ஆறேகாலுக்குப் பின்வாசலில் வரிசையில் நின்ற முகங்கள்.

"இல்ல. அவளையும் சேர்த்து, இன்னும் மாத்திரையில இருக்கிறவங்க பதினாலு பேர்."

"சக்கரம்!" டாக்டர் எழுந்துவிட்டார். "என்ன உளறுற? என் ஆஸ்பத்திரியில இப்படி நடந்தது எனக்கே தெரியாதே?"

"தெரியும் டாக்டர். சலவைக்கூட வாசல் உங்க ஜன்னலுக்கு நேராத்தான் இருக்கு."

கால்குலேட்டர் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பேனா மூடியைத் திறந்து மூடினாள். "இதை எழுதினா, திட்டம் தொடக்கத்துலயே தோத்துப் போச்சுன்னு என் மேலதிகாரி சொல்லுவார்" என்றாள். "எழுதலைன்னா பதினாலு பேர் தாள் பொய்." பெருமூச்சு விட்டு எழுத ஆரம்பித்தாள். பதினாலு பேருக்கும் வரவேண்டிய பணம், தாள்கள் சரியாகும்வரை நிற்கும். சிஸ்டருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. இனி வார்டுப் பொறுப்பு கிடையாது. இந்த வருஷச் சம்பள உயர்வும் இல்லை. டாக்டர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். தன் பெயரிலும் ஒரு எச்சரிக்கைத் தாள் வருவதைப் பார்த்து அதிலும் போட்டார்.

மற்ற பதிமூன்று பேர் வீட்டையும் தேடிப்போய் விட்ட நாட்களைக் கண்டுபிடிக்கும் வேலை அவள் தலையில்தான் விழுந்தது. வேறு யாருக்குத் தெரியும்?

வெளியே வந்தபோது மூன்றாம் வார்டின் கதவு இரண்டும் அகலத் திறந்து கிடந்தன. நாலு ஆட்கள் கட்டில்களின் ஸ்க்ரூவைக் கழற்றி, தலைமாடு தனி, சட்டம் தனியாக லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெறும் தரையில் கட்டில் கால்கள் பதிந்த குழிகள் வரிசையாக இருந்தன. அவள் நின்று பார்த்தாள். அப்புறம் மருந்து அறையில் சளி டப்பாவையும் டாக்டரின் சீட்டையும் வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள்.

தையல் மெஷினின் சத்தம் படிக்கட்டிலேயே கேட்டது. ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது. சத்தம் நின்றது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"நான்தான்" என்றாள் சக்கரம்.

"தெரியுது. சொல்லிட்டீங்களா, இல்லையா?"

"சொல்லிட்டேன்."

"போங்க சிஸ்டர். நான் வர மாட்டேன். போலீஸைக் கூட்டிட்டு வந்தாலும் வர மாட்டேன்."

"நீ எங்கேயும் வர வேண்டாம். வீட்லயேதான். சளியை மட்டும் குடு. முப்பத்தஞ்சோட பத்தொன்பது, ஆக அம்பத்து நாலு நாள். நானே கொண்டுவந்து தர்றேன்."

"அடுத்த வாரம்னு சொன்ன வாய்தானே அது?"

"அதே வாய்தான்."

சக்கரம் டாக்டரின் சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். "படிச்சுப் பாரு. கையெழுத்து இருக்கு."

உள்ளே தாள் சரசரத்தது. படிக்கிற நேரம் போனது. பிறகு அதே சீட்டு கதவுக்கு அடியில் திரும்பி வந்தது.

"பேப்பர்ல என்ன வேணா எழுதுவீங்க. நான் அங்க படுத்துக் கிடந்தேன்னும் எழுதித்தானே வெச்சிருந்தீங்க?"

சக்கரம் படியில் குனிந்து சீட்டை எடுத்தாள். தன் வார்த்தைக்கு மதிப்பில்லை, எழுத்துக்கும் மதிப்பில்லை. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்.

"உன் கட்டிலைக் கழட்டிட்டாங்க" என்றாள் கடைசியில்.

"எதை?"

"பதினேழை. எல்லாத்தையுமே கழட்டறாங்க. தலைமாட்டுல ஸ்க்ரூ குத்துதுன்னு நீ ஒரு பச்சைத் துணியைச் சுத்தித் தெச்சு வெச்சிருந்தியே, அந்தத் துணியோடயே லாரியில போட்டாங்க. இப்பதான் பாத்துட்டு வரேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. ஒரு சாண் திறந்த கதவில் தையல்காரியின் முகம், கழுத்தில் அளவு நாடா.

"துணியோடயா?"

"துணியோட."

"நல்ல துணி, சிஸ்டர் அது. ஒரு மீட்டர் இருக்கும். அவிழ்த்து எடுத்துட்டு வரக் கூடாதா?"

"தோணல."

தையல்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள், நீளம் எத்தனை அகலம் எத்தனை என்று பார்ப்பதுபோல. பிறகு கையை நீட்டினாள். "அந்த டப்பாவைக் குடுங்க." வாங்கிக்கொண்டு மொட்டை மாடிப் படியில் ஏறினாள், சளியைத் திறந்தவெளியில்தான் எடுக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டது. மேலே அவள் வலிந்து இருமும் சத்தம் கேட்டது. வறண்ட இருமல். குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்ப்பதும் சக்கரத்தைப் பார்ப்பதுமாக நின்றது.

இறங்கி வந்து மூடிய டப்பாவைக் கொடுத்தாள். முடிவு தெரிய இரண்டு நாளாகும் என்றாள் சக்கரம். அன்றைய மாத்திரையை எடுத்து நீட்டினாள். தையல்காரி தண்ணீரை மொண்டு விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள்.

"அம்பத்து மூணு" என்றாள்.

"அம்பத்து மூணு."

"அது முடிஞ்சப்புறம் இந்தப் படியில உங்க சைக்கிள் பெல் சத்தம்கூடக் கேக்கக் கூடாது எனக்கு."

"கேக்காது" என்றாள் சக்கரம். அடுத்த வீடு பெயின்டருடையது. மணி பதினொன்று ஆகிவிட்டிருந்தது.